கூடாரத்தை எங்கே அடிப்பது? கடற்கரையில் முதன்முறையாகத் தங்கப் போகிறவர்களுக்கு

டி பகுதிக்குப் பெர்மிட் எடுத்துவிட்டு ஜி பகுதியில் கூடாரம் அடித்த புத்திசாலி நான்தான். சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடற்கரை, சனிக்கிழமை, இரவு பதினொன்று தாண்டியிருக்கும். பிள்ளைகள் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள், அம்மா ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார், அப்போதுதான் டார்ச் வெளிச்சம் வந்தது. சோதனைக்கு வந்தவர் பணிவாகத்தான் கேட்டார். கைப்பேசியில் பெர்மிட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த பலகையைக் கைகாட்டினார். பலகையில் ஜி என்று இருந்தது. டி பகுதி அங்கிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளி. தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடாரத்தைப் பிரித்து வீட்டுக்கு டாக்சி பிடித்த அந்த இரவுக்குப் பிறகு ஏழெட்டு முறை போய்விட்டோம், இங்கேயும், எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பக்கமும். ஒவ்வொரு முறையும் எதையாவது சொதப்பித்தான் கற்றுக்கொண்டேன். நீங்களாவது சொதப்பாமல் போய்வர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. கூடாரமா, வண்டியா? அதை வைத்துத்தான் ஊர்

படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்வி வண்டியில் தங்க வேண்டும் என்று ஆசை என்றால் சிங்கப்பூரை மறந்துவிடுங்கள். இங்கே அதற்கென்று இடம் கிடையாது, வெளிநாட்டுப் பதிவுள்ள ஆர்வியைச் சாலையில் விடுவதும் இல்லை. கார் நிறுத்துமிடத்தில் இரவு முழுக்க வேனைப் போட்டுக்கொண்டு படுத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வண்டி வேண்டுமென்றால் ஜொகூர்தான், அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

கூடாரம் போதும் என்பவர்களுக்கு முதல் இரண்டு முறையாவது சிங்கப்பூருக்குள்ளேயே இருங்கள் என்பேன். மழை கொட்டினால் அரை மணியில் வீடு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்சி. மறந்துபோன சாமான் பக்கத்துக் கடையில் கிடைக்கும். எல்லை தாண்டிப் போய் அங்கே நின்றுகொண்டு கூடாரத்தின் கம்பியை மறந்துவிட்டோம் என்று கண்டுபிடிப்பது வேறு அனுபவம்.

2. சிங்கப்பூருக்குள் எந்த இடம்

தேசியப் பூங்காக் கழகம் கூடாரம் அடிக்க அனுமதிக்கும் பெருநிலத்துக் கடற்கரைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். ஈஸ்ட் கோஸ்ட் பார்க், பாசிர் ரிஸ் பார்க், வெஸ்ட் கோஸ்ட் பார்க். அதிலும் பூங்கா முழுக்க இல்லை, குறித்த பகுதிகளில் மட்டும். ஈஸ்ட் கோஸ்டில் டி, ஜி. பாசிர் ரிஸில் 1, 3. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்: பூங்காவின் பெயர் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

குடும்பத்தோடு முதல் முறை போகிறவர்களுக்கு ஈஸ்ட் கோஸ்டுக்குத்தான் என் ஓட்டு. புல்தரை, கழிவறை, குளிக்கும் இடம் எல்லாம் உண்டு, பசித்தால் லகூன் உணவங்காடிக்குப் போய் சாத்தே வாங்கி வரலாம். 2024 ஜூனில் தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை இந்தப் பக்கம் திறந்ததிலிருந்து கார் இல்லாதவர்களுக்கும் வழி பிறந்தது, மரீன் பரேட், சிக்லாப், பேஷோர் எதில் இறங்கினாலும் சுரங்கப்பாதை வழியாகக் கடற்கரைக்கு நடந்துவிடலாம். ஆனால் சாமானோடு நடப்பது நினைப்பதைவிட நீளம், மடக்குத் தள்ளுவண்டி ஒன்று அவசியம். குறை என்று பார்த்தால் சத்தம். சனிக்கிழமை இரவில் பக்கத்துக் கூட்டம் ஸ்பீக்கர் போடும், விடிகாலையிலேயே சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு போவார்கள்.

பாசிர் ரிஸ் அமைதி. ரயில் நிலையமும் பக்கம். ஆனால் சதுப்புநிலம் ஒட்டியிருப்பதால் மணல் ஈ. கண்ணுக்கே தெரியாது, கடித்தது மறுநாள்தான் தெரியும், அப்புறம் ஒரு வாரம் சொறிவீர்கள். முழுக்கால் சட்டை, கொசு மருந்து இரண்டும் இல்லாமல் போகாதீர்கள். என் மனைவி கால் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார், அவருக்கு ஒரு கடிகூட இல்லை, எனக்கு நாற்பத்தொன்று. எண்ணினேன்.

வெஸ்ட் கோஸ்ட் மேற்கில் இருப்பவர்களுக்கு வசதி, அவ்வளவுதான். கடலைப் பார்த்தால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரியும். எனக்குப் பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்காது.

புலாவ் உபின் தீவு தனி ரகம். ஜெலுத்தோங், மாமாம் என்று இரண்டு முகாம் இடங்கள். பெர்மிட் தேவையில்லை. சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் பம்போட் என்ற சின்னப் படகு கிளம்பும், ஆளுக்கு நாலு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். ஆள் சேராவிட்டால் காத்திருக்க வேண்டும், அல்லது பன்னிரண்டு பேர் காசையும் நீங்களே கொடுத்துக் கிளம்பலாம். ஜெலுத்தோங், தீவின் படகுத்துறையிலிருந்து நடக்கிற தூரம்தான். மாமாம் முகாமோ தீவின் வடக்குப் பக்கம், ஜொகூரைப் பார்த்தபடி இருக்கும், பையோடு நடந்தால் முதுகு உடையும். தீவில் குழாய்த் தண்ணீர் கிடையாது, கிணற்றுத் தண்ணீரை நம்பிக் குடிக்க வேண்டாம். ஆளுக்கு நாலு லிட்டர் தூக்கிக்கொண்டு போங்கள். இருட்டியதும் படகு குறைந்துவிடும், ஆகவே நடுராத்திரியில் மனம் மாறித் திரும்பலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. காட்டுப்பன்றியும் குரங்கும் உண்டு. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். வெளியே தொங்கவிட்டாலும் தப்பாது: அடுத்த கூடாரத்து இளைஞர்கள் பிளாஸ்டிக் பையில் ரொட்டியை வெளியே தொங்கவிட்டிருந்தார்கள், காலையில் பை மட்டும் மரத்தில் இருந்தது.

3. பெர்மிட்

ஏஎக்ஸ்எஸ் என்ற கட்டணம் செலுத்தும் இயந்திரத்திலோ அதன் இணையத்தளத்திலோ செயலியிலோ எடுக்கலாம். முகாம் பெர்மிட்டுக்குக் காசு இல்லை. அடையாள அட்டை எண் கேட்கும், வேலை அனுமதியில் இருப்பவர்கள் எஃப்ஐஎன் என்ற வெளிநாட்டவர் அடையாள எண்ணைப் போட வேண்டும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் செய்யும் தப்புகள்தான் இரவில் வந்து கதவைத் தட்டும், கூடாரத்துக்குக் கதவு இல்லை என்றாலும்.

எங்கே தப்பு நடக்கும் என்றால், முதலில் பகுதி. போகிற இடத்தின் எழுத்தையோ எண்ணையோ ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு பிறகு திரையைத் தொடுங்கள். அடுத்தது தேதி, வெள்ளி இரவு போய் ஞாயிறு திரும்புகிறீர்கள் என்றால் எல்லா இரவும் பெர்மிட்டில் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருவருக்கு மாதத்துக்கு இத்தனை நாள் என்று வரம்பும் உண்டு, ஆகவே மாதம் முழுக்கக் கடற்கரையில் குடியிருக்கலாம் என்று திட்டம் போட வேண்டாம். பெர்மிட் எடுத்தவர் கூடாரத்தில் இருக்க வேண்டும், அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். தம்பி பெயரில் எடுத்துவிட்டுத் தம்பி வராமல் போனால் பதில் சொல்லக் கஷ்டம். ரசீதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரவில் கைப்பேசியின் பேட்டரி தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து ஒரு தாளிலும் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

பார்பிக்யூ அடுப்பு வேறு, முகாம் பெர்மிட் வேறு. ஒன்றை எடுத்தால் மற்றது வராது. அடுப்புக்குக் கட்டணம் உண்டு, இடத்தைப் பொறுத்து மாறும், அதையும் ஏஎக்ஸ்எஸ்ஸிலேயே எடுக்கலாம். வார இறுதி அடுப்புகள் கூடார இடத்தைவிட வேகமாகத் தீர்ந்துவிடுகின்றன, அதனால் முதலில் அடுப்பு கிடைக்கிற நாளைப் பார்த்துவிட்டு அதற்கேற்பப் பெர்மிட் எடுப்பதுதான் என் வழக்கம். தரையில் விறகு அடுக்கித் தீ மூட்டுவது எங்கேயும் கூடாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது: பொது இடத்தில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை மது அருந்தக் கூடாது என்ற சட்டம் 2015லிருந்து இருக்கிறது. கூடாரத்துக்குள் இருக்கிறோமே என்று வாதாட வேண்டாம்.

4. நாள் பார்ப்பது

பஞ்சாங்கம் பார்ப்பது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறை, அதாவது மார்ச்சில் ஒரு வாரம், ஜூன் முழுக்க, செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் நடுவிலிருந்து ஆண்டுக் கடைசி வரை, இந்த நாட்களில் இடம் கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தால் நிம்மதி கிடைப்பதும் கஷ்டம். சாதாரண வியாழக்கிழமை இரவு ஒரு நாள் லீவு போட்டுப் போய்ப் பாருங்கள், அதே கடற்கரைதானா என்று சந்தேகம் வரும்.

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். ஆனால் என்னைப் புரட்டிப்போட்டது அந்த மழை இல்லை. ஜூன் மாதம், வானம் நிறைய நட்சத்திரம், ஒரு மேகம் இல்லை, நிம்மதியாகப் படுத்தோம். விடிகாலை நாலரைக்கு மேற்கிலிருந்து சுவர் மாதிரி ஒரு காற்று வந்தது. சுமத்ரா சூறைக்காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வரும், பெரும்பாலும் விடிவதற்கு முன்னால் தொடங்கி நடுப்பகலுக்குள் போய்விடும், காற்றின் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். கூடாரத்தின் ஒரு கம்பி எங்கள் தலைக்கு மேல் மடங்கி, பிறகு ஒடிந்தது. துணி முகத்தில் ஒட்டிக்கொண்டது. சின்னவன் அழவில்லை, சிரித்தான், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பத்து நிமிடத்தில் கழிவறைக் கட்டடத்தின் கூரைக்குக் கீழே ஐந்து குடும்பங்கள் நின்றோம்.

ஆகவே படுக்கும் முன் மைஇஎன்வி என்ற வானிலைச் செயலியில் மழை ரேடாரைப் பாருங்கள். மேற்கே சுமத்ரா பக்கம் நீளமாக ஒரு கோடு மாதிரி நிறம் தெரிந்தால் கூடாரத்தின் கயிறுகளை அப்போதே இழுத்துக் கட்டிவிட்டு, பை, கைப்பேசி எல்லாவற்றையும் எடுத்துத் தயாராக வையுங்கள். இடி கேட்டால் மரத்தடியில் நிற்காதீர்கள், கட்டடத்துக்குப் போய்விடுங்கள்.

நீரேற்றமும் பாருங்கள். நம் கரையில் நீர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் வித்தியாசம் சில நாட்களில் மூன்று மீட்டரை ஒட்டி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகம், இதை நம் பாட்டிமார் அட்டவணை இல்லாமலே சொல்வார்கள். பிள்ளைகளோடு சிப்பி, நண்டு தேடப் போவதென்றால் நீர் வற்றும் நேரத்துக்குப் போங்கள், எதையும் எடுத்து வராமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

5. போனதும் கூடாரத்தை விரிக்காதீர்கள், பத்து நிமிடம் நில்லுங்கள்

மாலை ஐந்துக்குள் போய்விடுங்கள். இருட்டில் இடம் தேடினால் எறும்புப் புற்று மேல்தான் படுப்பீர்கள். முதலில் தரை. கொஞ்சம் மேடாக, வடியக்கூடியதாக இருக்க வேண்டும், புல் ரொம்பப் பச்சையாக ஒரு வட்டம் தெரிந்தால் அங்கே தண்ணீர் தேங்கும் என்று அர்த்தம். அண்ணாந்து பாருங்கள், காய்ந்த கிளை, தென்னை இருந்தால் தள்ளிப் போங்கள். கழிவறைக்கு ரொம்பப் பக்கமும் வேண்டாம், இரவு முழுக்க ஆள் நடமாட்டமும் வெளிச்சமும். ஐம்பது அறுபது அடி தள்ளி சரியாக இருக்கும்.

மணலில் அடிப்பதானால் கடல் ஒதுக்கிய பாசியும் குச்சியும் பிளாஸ்டிக்கும் ஒரு வரிசையாகக் கிடக்கும் பாருங்கள், அதுதான் தண்ணீர் வந்து போன எல்லை. அதற்கு நன்றாக மேலே போங்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய ஆணிகள் மணலில் நிற்கவே நிற்காது. காலியான ஐந்து கிலோ அரிசிப் பை நாலு எடுத்துப் போங்கள். பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, கூடாரத்தின் கயிற்றை அதன் நடுவில் சுற்றி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து மேலே மிதித்துவிடுங்கள். நான் கம்பி ஒடிந்த பிறகு கற்றுக்கொண்டது இது. அடுத்த முறை இதே மாதிரி காற்று வந்தது, கூடாரம் ஆடியது, ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. கூடாரத்தின் ஒடுங்கிய பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும், வாசல் பார்க்கக் கூடாது.

6. செலவு

பெரிதாக ஒன்றும் இல்லை. இருவர் கூடாரம் டெக்கத்லான் கடையில் ஐம்பது வெள்ளியை ஒட்டிக் கிடைத்தது. நான்கு பேருக்கு நாங்கள் வாங்கியது நூறைத் தாண்டியது. பெட்டியில் இருவர் என்று போட்டிருந்தால் ஒன்றரை ஆள் என்று படியுங்கள். வெளி உறை தனியாக இருக்கும் இரட்டை அடுக்குக் கூடாரம் வாங்குங்கள், ஒற்றை அடுக்கில் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு விடியும்போது உள்ளே சொட்டும். பாய் வீட்டில் இருக்கிறது. பேட்டரி விசிறி தேக்கா சந்தைப் பக்கம் பதினைந்து இருபது வெள்ளிக்கு வாங்கினேன், கூடாரத்தைவிட அதுதான் அவசியம் என்று என் அம்மா இன்றும் சொல்வார். ஐஸ், தண்ணீர், கரி, டாக்சி எல்லாம் சேர்ந்து ஒரு இரவுக்கு நாற்பதிலிருந்து அறுபது வெள்ளிக்குள் முடிகிறது.

முதல் முறையே எல்லாம் புதிதாக வாங்காதீர்கள். யாரிடமாவது இரவல் கேளுங்கள். பிடிக்காமல் போனால் கட்டில் அடியில் கிடக்கும்.

7. ஜொகூரில் ஆர்வி

ஜொகூரின் கிழக்குக் கரையில் தேசாரு, தஞ்சோங் பாலாவ், இன்னும் வடக்கே மெர்சிங் பக்கத்து ஆயர் பாப்பான். சவுக்குத் தோப்பு, அதன் நிழலில் வண்டி, இருபது அடியில் கடல். ஆசை காட்டும் இடங்கள்தான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போகாதீர்கள், அந்தக் கரை பருவமழையை நேராக வாங்கும், அலையும் பொல்லாதது.

சிங்கப்பூரிலிருந்து வண்டி கொண்டுபோவதைவிட ஜொகூர் பாருவில் வாடகைக்கு எடுப்பது லேசு. நாங்கள் இரண்டு இரவுக்கு ஆயிரத்து இருநூறு ரிங்கிட் கொடுத்தோம், முன்பணம் தனியாக ஐந்நூறு. அந்த முன்பணத்தில் நூற்றைம்பது திரும்பி வரவில்லை. கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யாமல் கொடுத்தோமாம். காலி செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எழுதியும் தரவில்லை. ஆகவே வண்டி எடுக்கும்போது முன்பணம் எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள், உள்ளும் புறமும் ஒரு வீடியோ எடுங்கள், தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர், கழிவை எங்கே ஊற்றுவது, எரிவாயு முழுசாக இருக்கிறதா, எல்லாம் அப்போதே.

முகாம் இடத்துக்கு முன்கூட்டியே அழைத்துக் கேட்க வேண்டியது வேறு. மின்சாரம் எடுக்க முனை இருக்கிறதா? இல்லாவிட்டால் இரவில் ஏர்கான் இல்லை, தகரப் பெட்டிக்குள் வேக வேண்டியதுதான். முனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இருபது மீட்டர் நீட்டிப்புக் கம்பி கொண்டுபோனோம், அதுவும் பத்தவில்லை. வண்டி நிற்கும் தரை கெட்டியா, மணலா? இதைக் கேட்காமல் போய்ப் பின்சக்கரம் புதைந்து, மீனவர் ஒருவர் தன் லாரியில் கயிறு கட்டி இழுத்துவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார், எங்கள் முறுக்கு டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டார். நுழைவாயிலில் உயரத் தடுப்பு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

8. எல்லை தாண்டும் காகிதங்கள்

கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசிய மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை, ஆனால் வேலை அனுமதியில் இருப்பவர்கள், இந்தியக் கடப்பிதழ்காரர்கள் நிரப்ப வேண்டும், போகிற நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து நிரப்பலாம், இலவசம். காசு கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது அரசாங்கத் தளம் இல்லை.

கூடாரத்தோடு சொந்தக் காரில் போகிறீர்கள் என்றால், விஇபி என்ற மலேசிய வாகன நுழைவு அனுமதி வில்லை ஒட்டி இருக்க வேண்டும், 2025 ஜூலை 1 முதல் இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். கட்டணம் பத்து ரிங்கிட்தான், ஆனால் வில்லை கைக்கு வர நாளாகும், பயண வாரத்தில் விண்ணப்பிக்காதீர்கள். கட்டணம் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் காசு வேண்டும், மலேசியாவுக்குள் நுழையச் சாலைக் கட்டணம் மட்டுமே இருபது ரிங்கிட், டோல் தனி. சிங்கப்பூரைவிட்டுக் கிளம்பும்போது எரிபொருள் முக்கால் தொட்டிக்குக் குறையக் கூடாது. அங்கே நிரப்பினால் ரான் 97 ரகப் பெட்ரோல் மட்டும், 95 நமக்கில்லை. இங்கே வாடகைக்கு எடுத்த கார் என்றால் மலேசியாவுக்குப் போக அனுமதி உண்டா என்று நிறுவனத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள். திரும்பும்போது சிகரெட், மது எதற்கும் தீர்வைச் சலுகை கிடையாது, மிச்சமிருந்தால் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக நேரம். ஞாயிறு மாலை உட்லண்ட்ஸ் எல்லைப் பாலத்து நெரிசலில் நிற்பதற்குப் பதில் இன்னொரு இரவு கூடாரத்திலேயே படுத்துவிடலாம். நாங்கள் இப்போதெல்லாம் ஞாயிறு காலை பசியாறியதும் கிளம்பிவிடுகிறோம், வண்டியை ஒப்படைத்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு முன்னால் சோதனைச்சாவடி. ஒரே ஒரு முறை பிள்ளைகள் கெஞ்சினார்கள் என்று நாலு மணிக்குக் கிளம்பினோம். வீட்டுக்குள் நுழைந்தபோது இரவு பதினொன்றரை, சின்னவன் காலில் தேசாரு மணல் அப்படியே இருந்தது.